மூணு புல்லட் எடையை எதுல நிறுத்துறது?

இன்னைக்கு மீன்தொட்டி. மீனைப் பத்தி அதிகம் பேசப்போறதில்ல, தொட்டிக்கு அடியில நிக்கிற ஸ்டாண்டைப் பத்திதான் பேச்சு.

பாம்பன்ல என் அக்கா வீடு. மச்சான் கடலுக்குப் போறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. படகு இப்ப அவர் கையில இல்ல, அது வேற கதை. கோமாளிமீன் வளர்த்து விக்கலாம்னு முடிவு பண்ணினார். நிமோ படத்துல வருமே, அந்த மீன். மண்டபத்துல இருக்கிற சிஎம்எஃப்ஆர்ஐ மையத்துல இந்த மீனைப் பொரிப்பகத்துலயே குஞ்சு பொரிக்க வைக்கிறாங்க. அதனால கடல்ல போய் அள்ள வேண்டியதில்ல. (பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை எல்லாம் எடுத்தா வனவிலங்குச் சட்டத்துல கேஸ். மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகியாச்சு. 'ஒரு சின்ன கல்லுதானே'ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க.)

அக்காவோட வளையல் அடகுக்கடையில. தொட்டி வைக்கப்போற அறையிலதான் பிள்ளைங்க ரெண்டும் படுக்கும். "மாப்ள, வெல்டிங் பட்டறையில ஒரு ஸ்டாண்ட் சொல்லிடவா?"ன்னு மச்சான் கேட்டார். நான் முதல்ல எடையைக் கணக்கு போடலாம்னு சொன்னேன்.

நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். மேல ரெண்டு இஞ்ச் விட்டு நிரப்பினா 415 லிட்டர். கடல்தண்ணி நல்லதண்ணியை விடக் கொஞ்சம் கனம், அதனால சுமார் 425 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 30 கிலோ. அஞ்சு பக்கமும் சேர்த்தா 90 கிலோவைத் தொடும். முட்டையிடுறதுக்கு மண்சட்டி, ஓடு எல்லாம் போட்டா 540 கிலோ ஆயிடும். கிட்டத்தட்ட மூணு புல்லட் பைக்கை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி.

இரும்பு ஏன் வேண்டாம்னா, எங்க ஊர்ல காத்தே உப்பு. சதுரக் குழாய்க்கு வெளியில எவ்வளவு பெயின்ட் அடிச்சாலும் துரு உள்ளேயிருந்து தின்னுட்டு வரும். வெளியில ஒரு கொப்புளம் தெரியுறப்போ உள்ள பாதி தகடு போயிருக்கும். 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கே கான்கிரீட்டுக்குள்ள துருப்பிடிக்காத கம்பி போட்டு, தனி பாதுகாப்பு பெயின்டும் அடிச்சிருக்காங்க. இதுல தொட்டியிலயிருந்து தெறிக்கிற உப்புத்தண்ணி வேற. அதனால மரம்னு சொன்னேன்.

மச்சான் உடனே, "கொல்லையில பனங்கட்டை கிடக்குதே!" கூரைக்குப் பனங்கையை அடிச்சுக்க ஆள் இல்ல, உண்மைதான். ஆனா அதுல வைரம் வெளி வட்டத்துலதான், உள்ள சோறு. ஸ்க்ரூ பிடிக்காது, நேரா அறுக்கவும் வராது. கடைசியில காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடிச்ச தேக்கு வாங்கினோம், நாலுக்கு ரெண்டு இஞ்ச் சட்டம். பல வருஷம் காஞ்ச மரம், இனிமே முறுக்காது.

இப்ப முக்கியமான விஷயம். நல்ல தேக்குக் கால் ஒண்ணே டன் கணக்குல தாங்கும். மரம் நசுங்கி எந்த ஸ்டாண்டும் விழுறதில்ல. ரெண்டு வழியிலதான் விழும்.

ஒண்ணு, எடை ஸ்க்ரூ மேல ஏறுறது. மேல் சட்டத்தைக் காலோட பக்கத்துல வெச்சு ஸ்க்ரூ முடுக்கினா, 540 கிலோவும் நாலஞ்சு ஸ்க்ரூவோட கழுத்துல தொங்கும். சட்டம் காலோட தலை மேல உட்காரணும். கால் தரைச்சட்டத்து மேல உட்காரணும். மரத்து மேல மரம். அப்போ ஸ்க்ரூவுக்கு வேலை, நகராமப் பிடிச்சுக்கிறது மட்டும்தான். எல்லா ஸ்க்ரூவையும் கழட்டினாலும் எடை நேரா தரைக்குப் போகணும், அதுதான் சோதனை. நாலடி நீளத்துக்கு நடுவுலயும் ஒரு ஜோடி கால் வெச்சோம், மொத்தம் ஆறு. ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ். 304-ம் கடலோரத்துல கறை பிடிக்கும்.

ரெண்டாவது, பக்கவாட்டு ஆட்டம். செவ்வகம் தானா நிக்காது, சாய்சதுரமா மடங்கப் பார்க்கும். பையன் ஓடிவந்து மோதினா போதும். பின்பக்கம் முழுசா ஒரு மரைன் பிளைவுட் பலகை அறைஞ்சோம், ரெண்டு ஓரத்துலயும் குறுக்குக்கட்டை. அதுக்கு முன்னாடி பிடிச்சு ஆட்டினா கட்டில் மாதிரி முனகுச்சு. அப்புறம் நான் ஏறி நின்னு குதிச்சும் அசையல.

எபாக்ஸி பெயின்ட் ரெண்டு கோட். அறுத்த முனையில மூணு, ஏன்னா மரம் தண்ணி குடிக்கிறது அங்கதான். உப்பு பூக்குறதும் அங்கதான் ஆரம்பிக்கும்.

மட்டம் பார்க்கும்போது ஒண்ணு கவனிங்க. ஸ்டாண்ட் மொத்தமா ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சா தண்ணிமட்டம் கோணலா தெரியும், அவ்வளவுதான். ஆனா நாலு மூலையில ஒண்ணு மட்டும் இறங்கினா கண்ணாடி முறுக்கப்படும், ஓரத்து ஒட்டு விடும், இல்ல கீழ்க்கண்ணாடி வெடிக்கும். அதனால டியூப்ல தண்ணி விட்டு மூலை மூலையா அளந்தோம். மேல பிளைவுட், அதுக்கு மேல அரை இஞ்ச் தெர்மாகோல், அப்புறம்தான் தொட்டி. சின்னச் சின்ன மேடுபள்ளத்தைத் தெர்மாகோல் வாங்கிக்கும். பாம்பன் வீடு மணல் மேல போட்ட சிமென்ட் தரை, அதான் ஆறு காலும் தனித்தனியா குத்தாம தரைச்சட்டத்து மேல நிக்குது.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு: வீட்டு ஸ்லாபுக்கு இந்தியத் தரக்கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிக்கிற இடம் ஒரு சதுர மீட்டர் கூட இல்ல. வெச்ச உடனே இடிஞ்சிடாது, அந்த எடையை அறை முழுக்கப் பகிர்ந்துக்கும். ஆனா ஸ்லாபோட நடுவுல வைக்காதீங்க, பீம் ஓடுற சுவரோரமா வைங்க. பால்கனி வேண்டவே வேண்டாம். இந்த சைஸுக்கு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுறது மீன் வாங்குற செலவை விடக் கம்மியாத்தான் இருக்கும்.

மீன் வர்றதுக்கு முன்னாடி குழாய்த்தண்ணி விட்டுப் பார்த்தோம். கால் தொட்டி, ஒரு ராத்திரி. அரைத் தொட்டி, இன்னொரு ராத்திரி. ஒவ்வொரு தடவையும் நாலு மூலையிலயும் டியூப் மட்டம். முழுசா நிரப்பி ரெண்டு நாள் விட்டோம். அந்த ரெண்டு நாளும் பிள்ளைங்களை அக்கா அடுப்படியிலதான் படுக்க வெச்சா. மூணாம் நாள் காலையில மச்சான் தொட்டிக்குக் கீழ காஞ்ச நியூஸ்பேப்பரைத் தடவிப் பார்த்துட்டு, உப்புத்தண்ணி எடுக்க கேனோட கிளம்பிட்டார்.