தசையை உருக்கும் அமிலம்

மடுல்கெல்ல மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்குக் கைவலிமையே பிழைப்பு. அவ்வலிமையை ஓசையின்றிக் கரைக்கும் ஒரு நோய்நிலையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் குருதியில் அமிலம் மிகுதலே அது.

மீன், முட்டை, பருப்பு முதலியவற்றிலுள்ள புரதம் உடலுக்குப் பயன்படும்போது சிறிது அமிலமும் பிறக்கிறது. நலமுள்ள சிறுநீரகம் அதனை நாள்தோறும் சிறுநீருடன் கழித்துவிடுகிறது. அமிலத்தைத் தணிக்கும் பைகாபனேற்று என்னும் பொருளைக் குருதியில் லீற்றருக்குச் சுமார் 24 மில்லிமோல் அளவில் காத்தும் வருகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அமிலம் தேங்குகிறது, பைகாபனேற்றுக் குறைகிறது.

அதன் விளைவு யாது? உடல் தன் தசையையே அழிக்கத் தொடங்குகிறது. உயிரணுவில், வேண்டாத புரதத்திற்கு யூபிக்குவிற்றின் என்னும் சிறு புரதம் அடையாளமிட, அதனைச் சிதைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இதனைக் கண்டறிந்த சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவரும் 2004 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அமிலம் மிகுந்தால் இவ்வேற்பாடு தசையில் அளவுமீறி இயங்குகிறது. ஆகவே நோயாளி மெலிவதற்கு உணவுக் குறைவு மட்டுமே காரணம் அன்று.

இதற்குப் பரிகாரம் உண்டா? 2009 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. நோயாளர் 134 பேரில் ஒரு சாராருக்குச் சோடியம் பைகாபனேற்று மாத்திரைகள் ஈராண்டுகள் கொடுக்கப்பட்டன. அவர்களுள் நூற்றுக்கு ஏழு பேரளவிலேயே இயந்திரத்தால் குருதி சுத்திகரிக்கும் நிலையை அடையலாயினர். மாத்திரை பெறாதோருள் அத்தொகை நூற்றுக்கு 33. தசையின் ஊட்டமும் மேம்பட்டது. எனினும் 2020 இல் பிரித்தானியாவில் அறுபது வயதைக் கடந்த 300 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் உடற்செயல் திறன் கூடவில்லை. ஆகவே இம்மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் உதவும் என்று கொள்ளலாகாது.

அப்பச் சோடாவும் இதே பொருள்தானே என்று வீட்டில் கலக்கிக் குடித்தல் தகாது. அதிலுள்ள சோடியம் வீக்கத்தையும் குருதியழுத்தத்தையும் கூட்டக்கூடும். அமிலத்துக்கு அஞ்சிப் புரதத்தை முற்றாக விலக்குவதும் தசைக்குக் கேடே. உணவின் அளவையும் மருந்தின் அளவையும் குருதிப் பரிசோதனை கண்ட வைத்தியரே வகுக்க வேண்டும்.

சிறுநீரக நோயுள்ளோர் வத்தேகம வழியே கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும்போது, “என் குருதியில் பைகாபனேற்று எவ்வளவு?” என்று ஒரு வார்த்தை கேட்பாராக. அந்த ஒரு கேள்வி தசையைக் காக்கும் முதற் படியாகலாம்.