தெற்கு வானத்தின் கரி நட்சத்திரங்கள்

(நெகிரி செம்பிலான் தோட்டப்புற நேயர்களுக்காகத் தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பகாவ், லாபு, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு விடியற்காலை வானம் நன்கு பழக்கம். அக்டோபர் மாதத்தில் பெரட்டுக்குப் போகிற வேளையில் திருவாதிரை ஏறத்தாழ உச்சியில் சிவந்து நிற்கும். நிலவு இல்லாமல், வானமும் தெளிவாக இருந்தால், அப்படியே தெற்கே திரும்பிப் பாருங்கள். கையை நீட்டி, முட்டி மேல் முட்டி வைத்தால் வரும் உயரத்தில் பஞ்சுத் துணுக்கு போல ஒரு வெண்திட்டு மங்கலாகத் தெரியும். எத்தனை காற்றடித்தாலும் அது கலையாது.

பெரிய மெகல்லன் மேகம் என்று அதற்குப் பெயர். 1519-இல் ஸ்பெயினிலிருந்து கடற்பயணம் புறப்பட்ட மெகல்லனின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த என்ரிக்கே என்பவர் நம் பக்கத்து மலாக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டு செல்லப்பட்டவர் என்பது பலர் அறியாத செய்தி. இருக்கட்டும். அது மேகமே அல்ல. நம் பால்வெளிக்கு வெளியே, சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் தனி விண்மீன் மண்டலம். சற்றுத் தள்ளி, சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், சிறிய மெகல்லன் மேகம் இருக்கிறது.

தமிழகத்தில் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்தவர் டாக்டர் வைணு பாப்பு. தென் வானமும் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்றே அந்த மலையைத் தேடிப் பிடித்தார். அங்கிருந்து பார்த்தாலும் பெரிய மேகம் அடிவானத்துக்கு மேல் 8 பாகை அளவுதான் ஏறும். நெகிரி செம்பிலானில் 18 பாகை ஏறும். அந்த வகையில் இங்குள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்தான்.

இந்த மேகங்களில்தான் கரி நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2001-இல் வெளியான ஒரு பட்டியல் பெரிய மேகத்தில் மட்டும் 7,760 நட்சத்திரங்களைக் காட்டியது.

அது என்ன கரி நட்சத்திரம்? சூரியன் போன்ற நட்சத்திரத்தில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. சூரியனைவிடச் சற்றுக் கனமான நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெருக்கும்போது, உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன், கொதிக்கும் குழம்பின் அடியில் கிடப்பது மேலே வருவது போலத் தவணை தவணையாக மேற்பரப்புக்கு வருகிறது. கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். எது மிஞ்சுகிறதோ அதன் கைதான் ஓங்கும். ஆக்சிஜன் மிஞ்சினால் திருவாதிரை போன்ற சாதாரணச் சிவப்பு நட்சத்திரம். கார்பன் மிஞ்சினால் கரி நட்சத்திரம்.

இதைக் கண்டுபிடிக்க ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் தெரியும் பச்சை சாயல், இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு வெளிவிடும் ஒளி. ஸ்காட்லாந்தின் வில்லியம் சுவான் 1850-களில் ஆராய்ந்த பட்டைகள் அவை. அதே பட்டைகள் சில செந்நிற நட்சத்திரங்களின் ஒளியில் இருண்ட கோடுகளாக இருப்பதை ரோமில் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1860-களில் கண்டார். அடுப்பில் ஒளிர்வது அங்கே ஒளியை விழுங்குகிறது.

ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தால் ஆயுள் போதாது. விக்டர் பிளாங்கோவும் அவர் துணைவியார் பெட்டியும், பாதிரியார் மெக்கார்த்தியும் சிலி நாட்டின் 4 மீட்டர் தொலைநோக்கியில் ஒளியைப் பிரிக்கும் பட்டகத்தைப் பொருத்தி, ஒரே படத்தில் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களைச் சிறு கோடுகளாகப் பதிவு செய்தார்கள். 1980-இல் வந்த முடிவு விசித்திரமாக இருந்தது. கன உலோகங்கள் குறைந்த சிறிய மேகத்தில், ஆக்சிஜன் வகைச் சிவப்பு நட்சத்திரங்களை ஒப்பிட, கரி நட்சத்திரங்களின் பங்கு மிக அதிகம். காரணம் எளிது. தொடக்கத்திலேயே ஆக்சிஜன் குறைவென்றால், கொஞ்சம் கார்பன் மேலே வந்தாலே தராசு சாய்ந்துவிடும்.

இன்னொரு முடிவுதான் அறிஞர்களைத் திணறடித்தது. பிரகாசமான, கனமான நட்சத்திரங்களே கரி நட்சத்திரமாகும் என்று கணக்குகள் சொல்லியிருந்தன. மேகங்களில் கண்டதோ மங்கலானவை. அமெரிக்காவின் ஐக்கோ ஐபன் 1981-இல் இதைக் கரி நட்சத்திர மர்மம் என்றே தலைப்பிட்டு எழுதினார். கார்பன் மேலே வருவது கணக்கில் இருந்ததைவிட இளம் எடை நட்சத்திரங்களிலும் நடக்கிறது, கனமானவற்றிலோ மேலே வரும் கார்பன் அடிப்பகுதியின் கடும் வெப்பத்தில் நைட்ரஜனாக மாறிவிடுகிறது என்று பின்னர் விளங்கியது. காகிதக் கணக்கைப் படம் திருத்தியது.

இவை வெளியே தள்ளும் கார்பன், குளிர்ந்து புகைக்கரி ஆகிறது. ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையின் கூரையில் படிவது போன்ற கரிதான். புகைமூட்ட நாளில் சூரியன் சிவப்பது போல அந்த நட்சத்திரமும் மேலும் சிவக்கிறது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லுக்குள், சூரியனுக்கு முன்பே இத்தகைய நட்சத்திரங்களில் உருவான சிலிக்கன் கார்பைடு துகள்கள் கிடைத்தன. பால்மரத்திலும் நம் உடம்பிலும் உள்ள கார்பனில் ஒரு பங்கு இந்த வழியாக வந்ததே.

நம் பால்வெளியிலேயே ஒன்றைப் பார்க்க விரும்புவோர், ஜனவரியில் இரவு 11 மணி வாக்கில் வேடனின் காலடியில் உள்ள முயல் கூட்டத்தை இருகண் நோக்கியால் தேடலாம். லண்டனில் ஹிண்ட் 1845-இல் கண்ட செந்நட்சத்திரம் அங்கே இருக்கிறது. சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும். மங்கிய காலத்தில் தேடினால் ஏமாற்றம்தான்.

தூர மண்டலங்களில், கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் பட்டையையும் டைட்டானியம் ஆக்சைடின் பட்டையையும் தனித்தனி வடிகண்ணாடிகள் வழியே அளந்து இவற்றைப் பிரிக்கிறார்கள். அகச்சிவப்பில் குறிப்பிட்ட வகைக் கரி நட்சத்திரங்களின் சராசரிப் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மங்கலைக் கொண்டு தூரம் சொல்லலாம். மேடோரும் வெண்டி ஃப்ரீட்மனும் 2020-இல் இம்முறையை முன்வைத்தனர். பேரண்டம் விரியும் வேகம் 73 என்று ஒரு சாரார் சொல்ல, ஆதி ஒளியை அளந்தவர்கள் 67 என்றார்கள். 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களிலுள்ள கரி நட்சத்திரங்களை வைத்து ஃப்ரீட்மன் குழு சொன்ன எண் சுமார் 68. மற்றக் குழு அதே தொலைநோக்கியை வைத்துத் தன் 73-ஐ விடவில்லை.