காமா என்னும் மல்லர்

ஆரணிக்கு அருகே, பட்டு நெசவு செழித்த எங்கள் வட்டாரத்தில், திருமலை என்னும் பழைய சமணத் தலம் இருக்கிறது. குன்றைக் காண வருவோர் உயர்ந்து நிற்கும் நேமிநாதர் திருவுருவத்தைக் கண்டு வியப்பர். குகைப் பக்கத்துப் புடைப்புச் சிற்பங்களில் பாகுபலியும் இருக்கிறார். அவரைச் சற்றே பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுவர். உடலில் கொடி படர நிற்கும் அந்தத் தவசீலர் முன்னொரு நாள் மற்போரில் வென்றவர் என்பதை நினைப்பவர் சிலரே.

நாட்டுரிமைக்காக அண்ணன் பரதனுக்கும் அவருக்கும் பகை மூண்டது. படைகள் மோதி மக்கள் மாள வேண்டாம் என்று, பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என்னும் மூன்றிலும் உடன்பிறந்தார் இருவரே மோதினர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். ஆயினும் தலைக்கு மேல் தூக்கிய அண்ணனை நிலத்தில் அறையாமல் மெல்ல இறக்கிவிட்டு, நாட்டையும் துறந்து தவம் செய்யப் போனார் என்று சமண நூல்கள் கூறுகின்றன.

மாணவ நண்பர்களே, மற்போர் தமிழருக்கும் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டம் பூண்டான். அவனுக்கும் முன்னே, போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவரசன் ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். வென்றவனுடைய பெயர், குடி, தந்தை எல்லாம் நமக்குத் தெரியும். தோற்றவன் வெறும் 'ஆமூர் மல்லன்', அவனுக்குப் பெயரில்லை. பாகுபலி காட்டுக்குப் போகலாம். கிள்ளி அரசவைக்குப் போகலாம். மறுநாளும் கோதாவில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள மல்லன் எங்கே போவான்? உடலையே முதலாக வைத்துப் பிழைத்த அத்தகைய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

அவர் காமா பயில்வான். இயற்பெயர் குலாம் முகம்மது. அமிர்தசரஸ் வட்டாரத்தில் மல்லர் குடும்பம் ஒன்றில் 1878ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையாரும் தத்தியா சமஸ்தானத்து மல்லரே. சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்வழி உறவினர் வளர்த்துப் பயிற்றுவித்தனர். 1888இல் ஜோத்பூர் மன்னர் ஒரு பஸ்கிப் போட்டி நடத்தினார். நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டதாகச் சொல்வர். கடைசிவரை களைத்து விழாமல் நின்ற பதினைந்து பேரில் பத்து வயதுக் காமாவும் ஒருவர். சிறுவனுக்கே வெற்றி என்று மன்னர் தீர்ப்பளித்தார். அப்பால் தத்தியா மன்னரின் ஆதரவு கிடைத்தது. பின்னாளில் பாட்டியாலா மன்னரின் ஆதரவும் வாய்த்தது.

இந்த ஆதரவு என்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். காமா நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுத்தார் என்றும், பால், நெய், பாதாம் இவற்றை அளவின்றி உண்டார் என்றும் எழுதியிருக்கிறார்கள். சொல்லச் சொல்லக் கணக்குப் பெருகியிருக்கக்கூடும். நான் அதில் பாதியைத்தான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பாதியையும் ஏழைக் குடும்பம் ஒன்று தாங்க முடியாது. மல்லன் பயிற்சி செய்யும் வேளையில் வேறு தொழில் செய்ய இயலாது. உணவோ பத்துப் பேர் உணவு. ஆகவே யாரேனும் ஒருவர் அவனை வைத்துக் காப்பாற்றியாக வேண்டும். சமஸ்தான மன்னர்கள் யானையையும் குதிரையையும் போலவே மல்லரையும் பெருமைக்காக வைத்துக் காத்தனர். எங்கள் ஊர்ப்பக்கம் குழித்தறியில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்தவர் கைவிட்டால் எத்தனை நுட்பமான கையும் சும்மா இருக்க வேண்டியதுதான் என்பதை அவர் அறிவார்.

1910இல் வங்காளச் செல்வர் ஒருவர் பொருளுதவி செய்ய, காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் லண்டனுக்குச் சென்றனர். போட்டியில் சேர்க்கும் அளவுக்கு உயரம் போதாதென்று அங்கே காமாவுக்கு முதலில் இடம் தரவில்லை. அவர் ஓர் அறைகூவல் விடுத்தார்: எந்த எடையாயினும் மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்றார். வீண் ஜம்பம் என்று எண்ணி யாரும் முன்வரவில்லை. கடைசியில் ரோலர் என்னும் அமெரிக்கர் இசைந்தார். அவர் மருத்துவருங்கூட. காமா அவரை முதலில் இரண்டு நிமிடத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்துக்குள்ளும் வீழ்த்தினார்.

அதன் பிறகே போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோ எதிரே வந்தார். செப்டம்பர் 10ஆம் நாள், ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் போட்டி நடந்தது. 250 பவுன் பரிசு. அதனோடு 'ஜான் புல்' கச்சை. தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளினார். அவ்வளவுதான், ஸிபிஸ்கோ விரிப்பை அணைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். மல்லாத்தினால்தானே தோல்வி? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா இழுத்தும் புரட்டியும் பார்த்தார். அந்தப் பேருடல் புரளவில்லை. வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த வாரம், 17ஆம் நாள் மீண்டும் மோத வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று காமா வந்து நின்றார், ஸிபிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கே வழங்கப்பட்டது.

நாடு திரும்பியவர், ஏறக்குறைய ஏழடி உயரம் என்று சொல்லப்பட்ட ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்று இந்தியாவின் தலைசிறந்த மல்லர் என்ற பட்டம் பெற்றார். பிறகு எதிராளி கிடைப்பதே அரிதாயிற்று. 1928இல் பாட்டியாலா மன்னர் ஸிபிஸ்கோவை வரவழைத்தார். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. பதினெட்டு ஆண்டு காத்திருந்த போட்டி ஒரு நிமிடங்கூட நீடிக்கவில்லை. ஸிபிஸ்கோவை மல்லாத்திவிட்டார் காமா.

1947இல் நாடு பிரிந்தது. காமா லாகூரில் வாழ்ந்தார். கலகம் மூண்ட அந்நாட்களில் தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்றார் என்று கூறுவர். ஆனால் அவரைக் காத்த சமஸ்தானமோ எல்லைக்கு அப்பால் போய்விட்டது. சிறிது காலத்தில் சமஸ்தானங்களே இல்லாமற் போயின. முதுமையில் நோயும் பணமுடையும் சேர்ந்து வந்தன. இந்தியத் தொழிலதிபர் பிர்லா மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பினார் என்பர். 1960ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் லாகூரில் காமா காலமானார்.

மன்னர் போன பிறகு மல்லனுக்குச் சோறிட்டவர் யார்? சீட்டு வாங்கிய பொதுமக்கள்தாம். அந்தக் காலத்து மல்லர் தாராசிங். அவரும் அமிர்தசரஸ் பக்கத்தவரே, 1928இல் பிறந்தவர். இளமையில் சிங்கப்பூருக்குச் சென்று, ஆலையில் வேலை செய்துகொண்டே மற்போர் பயின்றார். 1954இல் இந்திய வீரர் பட்டமும், 1968இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டமும் பெற்றார். அவருக்கு எதிரே நின்றவருள் புகழ்பெற்றவர் கிங்காங். ஹங்கேரியைச் சேர்ந்த எமில் சாயா என்பவரே அந்தப் பெயரில் ஆடியவர். எடை ஏறத்தாழ 200 கிலோ.

இவ்விருவர் மோதலும் மெய்யா, பேசி வைத்த நாடகமா என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தறி நிறுத்திய வேளைகளில் வாதிட்டதை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். முடிவை முன்கூட்டிப் பேசிக்கொண்டிருக்கலாம். சீட்டு விற்கும் ஆட்டத்தில் அது இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 200 கிலோ உடல் மேலே விழுந்தால், பேசி வைத்தாலும் எலும்பு நோகும் அல்லவா?

தாராசிங் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. உடலில் வலுவிருக்கும்போதே அவர் திரைப்படங்களுக்குப் போனார். 1962இல் வெளிவந்த 'கிங்காங்' என்னும் இந்திப் படத்தின் கதாநாயகர் அவரேதான்! 1983இல் கோதாவிலிருந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்து, குஸ்தியே பாராத குழந்தைகளுக்கும் அறிமுகமானார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 2012இல் மறைந்தார். காமாவுக்கு இத்தகைய இரண்டாம் தொழில் எதுவும் இருக்கவில்லை. அவர் காலத்து மல்லனுக்கு அப்படி ஒன்று உண்டென்று சொல்லித்தருவாரும் இல்லை.

விளையாட்டுக் குழுவோடு வடக்கே செல்லும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிடைத்தால், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். காமா பயிற்சிக்குப் பயன்படுத்திய வட்டக்கல் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் எடை 95 கிலோ. கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பதற்காக நடுவில் துளையிட்டிருக்கிறது.