ராத்திரி பஸ்ஸும் மெர்சியோட மெக்கானிக் ஷெட்டும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடு முடிவில் சொன்ன மாதிரி, இன்னைக்கு அர்பன் ஃபேன்டஸி நாவல்கள். மாயம் மந்திரமெல்லாம் ஏழு கடல் தாண்டி நடக்காமல், பஸ் ஓடுற, கரன்ட் பில் கட்டுற நம்ம காலத்து ஊருக்குள்ளேயே நடக்கிற கதைகள். அதிலும் ஒரு பெண் நடுவில் நின்னு நடத்துற கதைகள். இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு யோசிச்சப்போ, பதில் எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. அதனால அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குக் கீழ்பென்னாத்தூர். சென்னையில் இருந்து திருவண்ணாமலை போற பஸ்ஸில் திண்டிவனம், செஞ்சி தாண்டினால் எங்க ஊர். வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால், இறங்கும்போது நள்ளிரவு தாண்டிடும். ஸ்டாப்பில் அப்பா வண்டியோட நிப்பார். ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து சரி பண்றது என் வேலை. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. ஆனா ஸ்டாப்பில் இருந்து வீடு வரைக்கும் 8 நிமிஷம் நடக்க எனக்கு அனுமதி கிடையாது. இதில் இருக்கிற வேடிக்கை எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

அந்த பஸ் பயணங்களில்தான் மெர்சி தாம்சன் எனக்கு அறிமுகம். பாட்ரிஷியா பிரிக்ஸ் எழுதின தொடர். முதல் நாவல் ‘மூன் கால்டு’, 2006ல் வந்தது. மெர்சி ஒரு கார் மெக்கானிக். ஃபோக்ஸ்வாகன் வண்டிகளை ரிப்பேர் பண்ற சொந்த ஷெட் வெச்சிருக்கா. நினைச்சா கொயோட்டியா, அதாவது அமெரிக்கப் பக்கத்து நரி மாதிரி ஒரு விலங்கா, மாறிடுவா. பக்கத்து வீட்டுக்காரர் ஓநாய் மனிதர்களோட தலைவர். ஊரே அவரைப் பார்த்து நடுங்கும். இவ என்ன பண்ணுவா தெரியுமா? அவர் ஜன்னலில் இருந்து பார்த்தா தெரியுற மாதிரி ஒரு ஓட்டை காரை நிறுத்தி வெச்சிருப்பா. அவர் எரிச்சல் படுத்தும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பார்ட்டைக் கழட்டி இன்னும் அசிங்கமாக்குவா. அந்த இடத்தில் பஸ்ஸில் சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து சீட் அக்கா முறைச்சாங்க.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். லாரல் ஹாமில்டனோட அனிதா பிளேக், 1993ல் ஆரம்பிச்ச தொடர். செத்தவங்களை எழுப்புறதுதான் அனிதாவோட ஆபீஸ் வேலை. இலோனா ஆண்ட்ரூஸ்ங்கிற பெயரில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுற கேட் டேனியல்ஸ் தொடர், 2007ல் இருந்து. அதில் அட்லாண்டா நகரத்தில் மாயம் அலை அலையா வரும். மாயம் வந்தால் போன், கார், கரன்ட் எதுவும் வேலை செய்யாது. அலை போனால் திரும்ப வந்துடும். புரொடக்‌ஷன் சர்வர் பார்க்கிற எவருக்கும் அந்த உலகம் உடனே புரியும்.

எனக்குப் பிடிச்சது சண்டை இல்லை. இந்தப் பெண்களுக்கு வாடகை பாக்கி இருக்கு, கஸ்டமர் தொல்லை இருக்கு, தூக்கம் போதலை. அதுக்கு நடுவில் ராத்திரி வெளியே போறாங்க, ஏன்னா வேலை அங்கே இருக்கு. யாரும் வண்டியோட ஸ்டாப்பில் காத்திருக்கிறது இல்லை.

ஒருநாள் அம்மா கேட்டாங்க, “இன்னாடி அப்படி விழுந்து விழுந்து படிக்கிற?” மெர்சி கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவங்க கேட்ட ஒரே கேள்வி: “இவ சண்டைக்குப் போயிட்டா ஷெட்டை யார் பாத்துக்கிறது?” ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் இதைவிட சரியா இந்தக் கதைகளைப் பிடிக்க முடியாது. புராணத்தில் யாரும் இதைக் கேட்க மாட்டாங்க. இங்கே கேட்கலாம். நாவலும் அதுக்குப் பதில் சொல்லும்.

அப்புறம் அம்மா கூத்தைப் பற்றிப் பேச ஆரம்பிச்சாங்க. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வெச்சால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் பெரிசா துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பாங்க. பாஞ்சாலி விரிச்ச கூந்தலை அன்னைக்குத்தான் முடிவா. சாயங்காலம் தீமிதி.

எங்க பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. பாரதப் போர் முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சு, செஞ்சி ராஜாவுக்கு ஒரு அசுரனால் ஆபத்து வந்தப்போ, திரௌபதி நெருப்பில் இருந்து இரண்டாவது தடவை பிறந்து வந்தாளாம். காவலுக்குப் போத்துராஜாவும் முத்தாலு ராவுத்தரும். செஞ்சியை ஒட்டின மேலச்சேரியைத்தான் அவளோட மூலக்கோயிலா சொல்றாங்க. ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதையெல்லாம் கேட்டு, 1988ல் பெரிய புத்தகமே போட்டார். அப்போ யோசிச்சுப் பாருங்க, ஊர் பெயரோட, நம்ம ரோட்டோரத்தில் வந்து சண்டை போடுற கதாநாயகி எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. கூத்தில் திரௌபதி குறவஞ்சின்னு ஒரு கதை இருக்கு. பாஞ்சாலி குறத்தி வேஷம் போட்டு, எதிரியோட ஊருக்குள்ளேயே குறி சொல்லப் போவா. எனக்கு அதுதான் முதல் அர்பன் ஃபேன்டஸி!

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அதைத்தான் இந்த எபிசோடில் முக்கியமா சொல்ல நினைச்சேன். நம்ம கதைகளில் பெண்ணுக்கு சக்தி வரணும்னா முதலில் அவளுக்கு அநியாயம் நடக்கணும். திரௌபதியைச் சபையில் இழுக்கணும், கண்ணகியோட புருஷனை வெட்டணும். திருவாலங்காட்டுப் பக்கத்து பழையனூர் நீலியை எடுத்துக்கோங்க. போன பிறவியில் புருஷனே கொன்னுட்டான். மறுபிறவியில் வந்து பழி வாங்கினா. நாம அவளுக்குக் கொடுத்தது என்ன? ‘நீலிக் கண்ணீர்’னு ஒரு சொல். கொலையானவளோட பெயர், பொய்யா அழுறதுக்குப் பெயர் ஆயிடுச்சு. பழி தீர்ந்ததும் கதையும் முடிஞ்சிடும். அவ அம்மன் ஆகிடுவா, இல்ல பேய் ஆகிடுவா. திங்கட்கிழமை காலையில் எழுந்து ஷெட் திறக்கிற வாழ்க்கை அவளுக்குக் கிடையாது.

மெர்சிக்கு அது இருக்கு. அவளுக்கும் கொடுமை நடக்குது. ஆனா அதனால் அவளுக்கு சக்தி வரலை, சக்தி ஏற்கனவே இருந்தது. காயம் ஆறவும் பல புத்தகம் ஆகும். 2025ல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ இவ்வளவு பேசப்பட்டதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். கள்ளியங்காட்டு நீலியை, பழைய யட்சியை, பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்து ஒரு வேலையும் வாடகை வீடும் கொடுத்தாங்க. பேய்க்கு நாளைன்னு ஒண்ணு கிடைச்சது.

இந்தியாவில் ஆங்கிலத்தில் சிலர் எழுதியிருக்காங்க. ஸ்வேதா தனேஜாவோட அனந்த்யா தாந்த்ரிஸ்ட், டெல்லியில் துப்பறியும் தாந்திரீகப் பெண். கிருஷ்ணா உதயசங்கரோட ‘பீஸ்ட்’, 2019, மும்பை போலீஸ் அதிகாரி அதிதி காஷ்யப் சிங்க மனிதர்களோட மோதுற கதை. தமிழில் இப்படி ஒரு தொடரைப் படிக்கணும்னு ஆசை. நீலியை தாம்பரத்தில் ஒரு பிஜியில் குடி வெச்சு யாராவது எழுதுங்களேன்.

குறையையும் சொல்லிடறேன். இந்த நாவல்களில் பலதில் கதாநாயகியைச் சுத்தி இருக்கிற எல்லா ஆம்பளைக்கும் அவ மேல காதல் வந்துடும். மத்த பெண்கள் போட்டிக்காரி, இல்லைன்னா பிணம். அட்டைப்படத்தில் தோல் பேன்ட் போட்டு முதுகைக் காட்டி நிப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, புத்தகம் படிச்சதால் எங்க தெருவிளக்கு எரிஞ்சிடலை. எனக்கு நரியா மாறவும் தெரியாது.

போன வருஷம் அப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன். ராத்திரி வண்டி எடுக்க முடியாது. “பகல் பஸ்ஸில் வா, இல்லைன்னா வராதே”ன்னு சொல்லிட்டார். நான் நடந்தே வந்துக்கிறேன்னு சொன்னேன். போனில் பெரிய சண்டை. ஒரு மாசம் ஊருக்கே போகலை. அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் பஸ் ஏறிட்டேன். செஞ்சி தாண்டும்போது மனசு கேட்காம அம்மாவுக்கு மட்டும் மெசேஜ் போட்டேன்.

இறங்கினப்போ மணி 12:40. ஸ்டாப்பில் அம்மா நின்னாங்க. தனியா. கையில் டார்ச்.

“நீ எப்படிம்மா வந்தே?”

“நடந்துதான். வேற எப்படி?”

ரெண்டு பேரும் நடந்தோம். நாய் குரைச்சது, அவ்வளவுதான். பாதி வழியில் அம்மா சொன்னாங்க, “கூத்து பாத்துட்டு வர்ற மாதிரி இருக்குடி.” கல்யாணத்துக்கு முன்னாடி, ஆயா கூட கூத்துக்குப் போன ராத்திரிகளில்தான் அவங்க கடைசியா அந்த நேரத்தில் தெருவில் நடந்திருக்காங்க. முப்பது வருஷம் ஆச்சு.

அப்பா இன்னும் ஒத்துக்கலை. நானும் இன்னும் தனியா நடக்கலை, உண்மையைச் சொல்லணும் இல்லையா. ஆனா இப்போ ஸ்டாப்புக்கு அம்மா வர்றாங்க. போற வழியில் மெர்சி கதையை ஒவ்வொரு வாரமும் விட்ட இடத்தில் இருந்து சொல்றேன். மூணாவது புத்தகத்தில் இருக்கோம். ஷெட்டை யார் பாத்துக்கிறாங்கன்னு இப்பவும் கேட்கிறாங்க.

உங்க வீட்டில் ராத்திரி கூத்துக்குப் போன அம்மா, ஆயா யாராவது இருந்தால், அவங்ககிட்ட ஒரு கதை கேட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.