முயலகன் என்னும் நோய்

திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் சமணத் துறவியாக இருந்தபோது அப்பரைச் சூலை நோய் வாட்டியது என்கிறது பெரியபுராணம். சூலத்தால் குத்துவது போன்ற வலி, அதனால் சூலை. அங்கிருந்து தெற்கே ரயிலேறிச் சிதம்பரத்தில் இறங்கினால், ஓர் ஆளின் பெயரையே தாங்கிய நோயைப் பார்க்கலாம்.

நடராசரின் ஊன்றிய வலக்காலின் கீழே கிடக்கும் குள்ளன், முயலகன். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் அபஸ்மாரம் என்றால் வலிப்பு. தமிழிலும் வலிப்புக்கு முயலகன் என்று பெயர் இருந்தது. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு அந்த முயலகன் கண்டது. வைத்தியம் பலிக்கவில்லை. திருச்சிக்கு அருகே, இன்று திருவாசி எனப்படும் ஊரின் கோயிலில் மகளைக் கிடத்திவிட்டுத் தவித்தான் தகப்பன். அங்கே வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்தாள் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

பின்னாளில் மருத்துவமும் இந்த நோயை ஆராய்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், ஒரு விரலில் தொடங்கிக் கை, முகம் என்று பரவும் வலிப்பைக் கூர்ந்து கவனித்தார். மூளையில் ஓரிடத்தில் அது தொடங்குகிறது என்று விளக்கினார். அவருடைய மனைவிக்கே வலிப்பு உண்டு. அந்த வகைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நம் தெருவில் வலிப்பு நோய்க்குப் பெயர் காக்கா வலிப்பு. யாராவது விழுந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அது தானே அடங்கும். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

சிதம்பரத்து முயலகனை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவன் சாகவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறான்; கால் ஊன்றியிருக்கும்வரை எழ முடியாது. வலிப்பு மாத்திரையும் அந்தக் காலைப் போலத்தான். ஒழுங்காகச் சாப்பிட்டால் 10 பேரில் 7 பேர்வரை வலிப்பே வராமல் வாழலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் காலை எடுத்த கதைதான்.

மிதிபட வேண்டியது நோய். நாமோ வலிப்பு வந்த பெண்ணின் கல்யாணப் பேச்சை நிறுத்துகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறோம். மழவன் மகள் எழுந்து நடந்து தந்தையின் பக்கத்தில் வந்து நின்றாள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படி வந்து நிற்கட்டும்.