உளியின் வாயும் கரண்டியின் குழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிதையைப் பற்றிப் பேசும் மேடைகளில் 'செதுக்குதல்' என்னும் சொல் அடிபடாத நாள் இல்லை. சொல்லைச் செதுக்கினார், வரியைச் செதுக்கினார், செதுக்கி வைத்தாற்போன்ற கவிதை என்றெல்லாம் அணிந்துரைகளிலும் மதிப்புரைகளிலும் எழுதப்பெறுகின்றது. எழுதியவர் கையில் என்றேனும் உளி இருந்ததுண்டா என்று கேட்பது அவைப் பண்பு ஆகாது. ஆயினும் தச்சர் எவரும் இச்சொல்லை இத்துணைத் தாராளமாக வழங்குவதில்லை. அவருக்குக் கொத்துவது வேறு, செதுக்குவது வேறு, சீவுவது வேறு, குடைவது வேறு, இழைப்பதும் கடைவதும் வேறு. வினைதோறும் கருவி மாறுகின்றது. கருவியைப் பிடிக்கும் கை மாறுகின்றது. மரம் எதிர்க்கும் விதமும் மாறுகின்றது. ஒரு சிறு மரக்கரண்டியை முன்னிறுத்தி, அதனைக் குடைவதற்கு உளியை எவ்வாறு தேர்வது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். உவமையாகப் பயன்படுவது பிறகு. முதலில் அது வேலையாகப் புரிய வேண்டும்.

மரக்கரண்டி என்றவுடன் நம் அடுக்களை அகப்பை நினைவுக்கு வரும். அகப்பைக்கு 'மூழை' என்னும் பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் நம் வீடுகளில் மிகுதியும் புழங்கிய அகப்பை, தேங்காய்ச் சிரட்டையில் மூங்கிற் காம்பு செருகியது. அதில் குடைய வேண்டிய குழியைத் தென்னையே குடைந்து கொடுத்துவிடுகின்றது. தென்னை வளராத குளிர்நாடுகளில் அவ்வசதி இல்லை. அங்கே குழிவு முழுவதையும் மரத்திலிருந்தே அகழ்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆகவே அகழும் கருவிகளும், அவற்றின் நுட்பங்களும், பெயர்களும் அங்கே பெருகின. நாம் அங்குச் செல்வது இதன்பொருட்டே.

வேல்ஸ் நாட்டில் 'காதற்கரண்டி' என்றொரு மரபு உண்டு. இளைஞன் தான் விரும்பும் பெண்ணுக்குத் தன் கையாலேயே மரத்தில் கரண்டி செய்து கொடுப்பான். ஒற்றை மரத்துண்டிலேயே ஒன்றோடொன்று கோத்த சங்கிலி வளையங்கள், கூண்டுக்குள் உருளும் மரக்குண்டுகள், இதய வடிவங்கள் முதலியவற்றைக் காம்பில் அமைப்பதுண்டு. எங்கும் ஒட்டு இல்லை, பொருத்து இல்லை. கார்டிஃப் நகரை அடுத்த செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்னும் ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று பாதுகாக்கப்படுகின்றது. கூண்டுக்குள் இத்தனை குண்டுகள் இருந்தால் இத்தனை குழந்தைகள், சக்கரம் என்றால் உழைப்பு என்று இன்று நினைவுப்பொருள் கடைகளில் பட்டியல் தருகின்றார்கள். இப்பொருள்களுள் பல பிற்காலத்தார் ஏற்றியவை. குறியீட்டுக்கு அகராதி எழுதும் ஆர்வம் நம் திறனாய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதில் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

அகத்திணை பயின்றோர்க்கு இங்கே கையுறை நினைவுக்கு வரும். இரு மரபுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஒப்புமையை நீட்டவும் வேண்டா. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லலாம். தலைவன் கொணரும் தழையையும் பூவையும் தோழி மறுப்பாள். அவை எம் மலையிலும் உண்டு என்பாள். கரண்டியை அவ்வாறு மறுத்தல் இயலாது. அது எம்மலையிலும் விளைவதன்று. கொணர்ந்தவன் கை எத்தகையது என்பதை அதன் குழியே காட்டிவிடும். ஆகவேதான் கருவி பற்றிய பேச்சு இங்கே அற்பமானதன்று.

இனிக் கருவிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'கௌஜ்' எனப்படுவது, வாய் நேராக இல்லாமல் வில்போல் வளைந்த உளி. இவ்வுரையில் அதனை வளைவாயுளி என்றே குறிப்போம். வாய் நேராக இருப்பது பட்டையுளி. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் முதற்பிழை பட்டையுளிகளை வாங்கிவிடுவதே. பொளியவும் பொருத்தவும் பட்டையுளி இன்றியமையாதது. கரண்டியின் குழிக்குள் அதற்கு வேலை இல்லை. குழிந்த பரப்பில் நேரான வாயை வைத்தால் நடுப்பகுதி மரத்தைத் தொடுமுன் இரு மூலைகளும் மரத்தில் புதைந்துவிடும். விளைவது குழியன்று, கீறல்.

வளைவாயுளிகளுக்கு எண் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கருவி செய்வோர் 19ஆம் நூற்றாண்டில் நிலைப்படுத்திய முறை அது. 1 என்பது நேர்வாய். 2 சாய்ந்த நேர்வாய். 3 முதல் வளைவு தொடங்குகின்றது. எண் ஏற ஏற வளைவு ஆழமாகி, 9இல் வாய் ஏறத்தாழ அரைவட்டம் ஆகின்றது. 10, 11 அதனினும் ஆழமானவை. நரம்புபோன்ற கோடுகள் இழுக்க உதவுபவை. அகலம் மில்லிமீட்டரில் தனியே குறிக்கப்படும். வேறு நாட்டார் செய்யும் உளிகளில் அதே எண் சற்றே வேறு வளைவைக் குறிப்பதும் உண்டு. ஆதலின் எண்ணை மட்டும் நம்பி வாங்குதல் தகாது.

எதை நம்புவது? கரண்டியின் குழியையே நம்ப வேண்டும். விதி ஒன்றுதான்: உளியின் வளைவு, குழியின் வளைவைக் காட்டிலும் சற்று இறுக்கமாக இருத்தல் வேண்டும். குழியைவிட உளி விரிந்திருந்தால், பட்டையுளிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும், மூலைகள் புதையும். குழியைவிட உளி மிகவும் இறுகியிருந்தால் மூலைகள் புதையா. ஆனால் ஒவ்வொரு வெட்டும் தனித்தனி வாய்க்காலாக நின்று, இடையிடையே வரப்புகள் எழும். அவ்வரப்புகளைச் சமப்படுத்தவே பாதிநாள் கழியும். எடுத்துக்காட்டாக, 40 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் உடைய குழியின் குறுக்கு வளைவு, 25 மி.மீ. ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு. அக்குழியின் நீளம் 60 மி.மீ. எனில், நெடுக்கு வளைவின் ஆரம் 50 மி.மீ. ஆகும். இரு திசையிலும் ஓடவேண்டிய உளியின் ஆரம் 25ஐவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். கணக்கு வேண்டாதவர்கள், விரும்பும் குழியின் வளைவை அட்டையில் வரைந்து கத்தரித்துக் கடைக்குக் கொண்டு செல்லலாம். அட்டையின் வளைவில் உளியின் வாயைப் பொருத்தும்போது, நடுப்பகுதி தொட்டு, மூலைகள் இரண்டும் சற்றே விலகி நிற்க வேண்டும். 7 அல்லது 8ஆம் எண்ணில், 20 மி.மீ. அகலத்தை ஒட்டிய உளி ஒன்று பெரும்பாலான கரண்டிகளுக்குப் போதும்.

வாயின் வளைவு ஒன்று; உளித்தண்டின் வளைவு மற்றொன்று. நேர்த்தண்டு உளியை ஆழ்ந்த குழிக்குள் இறக்கினால் தண்டு விளிம்பில் இடிக்கும். வாய் அடித்தளத்தைத் தொடாது. ஆழம் குறைந்த கரண்டிக்கு நேர்த்தண்டே போதும். சற்று ஆழ்ந்ததற்கு நீள வளைந்த தண்டு வேண்டும். குழம்பு முகக்கும் அகப்பைபோன்ற ஆழத்துக்கு, நுனியருகே மட்டும் திடீரென வளைந்த தண்டு வேண்டும். கடைசியாகச் சொன்ன இவ்வகைக்கு ஆங்கிலத்தில் 'கரண்டி உளி' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. பெயரைக் கண்டு மயங்கி, கரண்டி செய்வதற்கென்றே ஏற்பட்டது என வாங்குவோர் பலர். உண்மையில், தானே கரண்டிபோல் வளைந்திருப்பதால் அது அப்பெயர் பெற்றது. சிற்ப வேலையில் எட்டாத மூலைகளுக்காக ஏற்பட்ட உளி அது. ஆகுபெயரைப் பிழைபடக் கொண்டால் பணமும் போகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. தண்டு மிக வளைந்த உளி அடியைத் தாங்காமல் அதிரும். மிதமான கரண்டிக்கு நீள வளைந்த தண்டே ஏற்றது.

வாயின் சரிவு எப்புறம் தீட்டப்பட்டுள்ளது என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். வளைவாயுளிகளுள் சரிவை வெளிப்புறம் கொண்டவையும் உண்டு. உட்புறம் கொண்டவையும் உண்டு. குழி குடைவதற்கு வெளிச்சரிவே வேண்டும். அச்சரிவு மரத்தில் சாய்ந்து ஊர்ந்து, கைப்பிடியைத் தாழ்த்தத் தாழ்த்த வாயை மேலே ஏற்றிக் கொணரும். உட்சரிவு உளியோ நேரே இறங்குமேயன்றி மீண்டு மேலேறாது. பழைய உளிகளை விலைக்கு வாங்குவோர் இதில் ஏமாறுவது வழக்கம். இரண்டும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும்.

வெட்டும் திசையில் ஒரு நுட்பம் உண்டு. மரத்தின் இழை கரண்டியின் நெடுக்கே ஓடுகின்றது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, இழைக்குக் குறுக்கே வெட்டினால் சீவல் சுருண்டு தூயதாக வரும். இழையோடு நெடுக்கே வெட்டுவதாயின், காம்புப் பக்கத்திலிருந்தும் நுனிப் பக்கத்திலிருந்தும் தனித்தனியே இறங்கிக் குழியின் அடியில் இரு வெட்டுகளும் சந்திக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே தொடர்ந்து அப்பால் ஏற முயன்றால், உளி இழையின் அடியில் புகுந்து மரத்தைப் பெயர்த்துவிடும். குழியின் அடியில், இரு வெட்டுகளும் கூடும் அந்த ஓரங்குல இடமே கரண்டி செய்வோரின் சோதனைக்களம். அங்கே சிராய் எழாமல் முடித்தவர் வென்றார்.

இனி ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். கரண்டிக் குழிக்கு உளி வேண்டா, கொக்கிபோல் வளைந்த கத்தியே போதும் என்போர் உளர். ஸ்வீடன் நாட்டு மரபு அதுவே. அந்நாட்டுக் கைவினைஞர் வில்லே சுந்த்குவிஸ்ட் (1925–2018) கோடரியும் கத்தியும் கொண்டு மரம் செதுக்கும் முறைகளை விளக்கி எழுதிய நூல் 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, உலகெங்கும் பலரை இவ்வேலைக்கு ஈர்த்தது. வேல்ஸ் நாட்டுக் கரண்டி வினைஞர்களிடமும் 'டுக்கா கம்' எனப்படும் வளைகத்தி இருந்தது. நீண்ட கைப்பிடி உடைய அக்கத்தியின் பலம் முன்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருவது. வளைகத்திக்குப் பட்டறை வேண்டா; மரத்தை ஒரு கையிலும் கத்தியை மறு கையிலும் கொண்டு திண்ணையில் அமர்ந்தே வேலை செய்யலாம். இது பெரிய வசதிதான். ஆயினும் தொடங்குவோர்க்கு வளைவாயுளியே நல்லது எனத் தோன்றுகின்றது. வளைகத்தியின் உட்புறத்தைத் தீட்டுவது கடினம். மழுங்கிய கத்தியோடு போராடிக் கைவிட்டவர்கள் மிகுதி. வலக்கைக் கத்தி இடக்கைக்கு உதவாது. மேலும், கத்தியின் பாதையில் மற்றொரு கை எப்போதும் இருக்கின்றது. உளி வேலையிலோ, மரத்தை இடுக்கியாலோ வைஸினாலோ பட்டறையோடு இறுக்கிவிட்டால், இரு கைகளும் வாய்க்குப் பின்னால் வந்துவிடுகின்றன. இவ்வொழுங்கை மீறி, மரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உளியைத் தள்ளுவோர் உள்ளங்கையைக் கிழித்துக்கொள்வர். இதில் விதிவிலக்கே இல்லை.

எத்தனை உளி என்னும் வினாவுக்குச் சுருக்கமாகவே விடை கூறலாம். பன்னிரண்டு உளிகள் அடங்கிய பெட்டி வாங்குவது, யாப்பிலக்கணம் கற்கத் தொடங்குமுன் அட்டையிட்ட நோட்டுகள் பன்னிரண்டு வாங்குவதைப் போன்றது. குழிக்கு ஒரு வளைவாயுளி, புறத்தைச் சீவ நேரான கத்தி ஒன்று, முன்வேலைக்குக் கைக்கோடரி. காம்பில் சங்கிலியும் கூண்டும் அமைக்க விரும்புவோர்க்கு மட்டும், ஒடுங்கிய பட்டையுளி ஒன்றும் கூர்முனைக் கத்தி ஒன்றும் பிறகு வேண்டும். மிச்சப் பணத்துக்குத் தீட்டுகல் வாங்க வேண்டும். உளியின் உள்வளைவில் பொருந்தும் உருண்டை விளிம்புள்ள சிறு கல்லும், மெருகிடத் தோல்வாரும் வேண்டும். கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் வேலைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. 20 முதல் 25 பாகைக்குள் சரிவைத் தீட்டி, உட்புறம் எழும் பிசிறை அகற்றி, தோலில் தேய்த்தபின், மென்மரத்தின் குறுக்கு முகத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டு பளபளத்தால் கூர். வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் வாயில் எங்கோ ஊறு உள்ளது.

மரத்தைப் பற்றிச் சிறிது. பச்சை மரமே குடைய எளிது. வேல்ஸில் கஞ்சியும் 'கவுல்' என்னும் குழம்பும் உண்ணும் கரண்டிக்குச் சிகமோர் மரத்தை விரும்பினர். அதற்குச் சுவையும் மணமும் இல்லை. ஓக் போன்று துளைகள் பெரியனவாக உள்ள மரம் உணவை உறிஞ்சிக்கொள்ளும். நெட்டி ஓடும் நடுப்பகுதியை நீக்கிவிட வேண்டும். அதை விட்டால் உலரும்போது விரிசல் உறுதி. காம்பு குழியோடு சேரும் கழுத்து வளைந்திருக்க வேண்டுமெனில், இயல்பாகவே வளைந்த கிளையைத் தேர்வது சாலச் சிறந்தது. நேர்மரத்தில் வளைவை வெட்டினால் கழுத்தில் இழை அறுபடும். கரண்டி ஒடிவதும் அவ்விடத்திலேதான்.

குழியை முதலிலும் புறத்தைப் பிறகும் செய்வது வழக்கம். புறம் தடித்திருக்கும்வரை இடுக்கிக்குப் பிடிப்பு உண்டு. குழி முடிந்தபின், கட்டைவிரலை உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்துத் தடவித் தடவிப் புறத்தைச் சீவுவர். அடியில் 3 அல்லது 4 மி.மீ. கனம் நிற்க வேண்டும். கண்ணால் காணமுடியாத இக்கனத்தை விரல்தான் அறியும். இன்னும் ஒரு சீவல் எடுத்தால் அழகாகும் என்னும் ஆசையில், முடிந்த வேலையில் ஓட்டை விழுந்து, சங்கிலியும் கூண்டும் அமைந்த காம்போடு அடுப்புக்குப் போன கரண்டிகள் எத்தனையோ. அவை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

இறுதியாக உப்புத்தாள். உளித்தடம் தெரியாமல் தேய்த்துவிட வேண்டும் என்பது பலர் எண்ணம். கூரிய வாய் வெட்டிய பரப்பில் இழை அறுபட்டுச் சுத்தமாக நிற்கின்றது. உப்புத்தாள் தேய்த்த பரப்பில் இழைநுனிகள் கிழிந்து படிந்து கிடக்கின்றன. கைக்கு மழமழப்பாகத் தோன்றும். அக்கரண்டியை முதன்முறை சூடான கஞ்சியில் இட்டு எடுத்துத் தடவிப் பார்த்தால், படிந்து கிடந்த இழைகள் அனைத்தும் எழுந்து, பூனையின் நாக்குப் போல் உதட்டை உரசும்.