கொல்லாமையும் கழிமுகமும்

‘வீகன்’ என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. இறைச்சி, மீன், முட்டையோடு பால், நெய், தேன், தோல் எல்லாவற்றையும் விலக்கும் நெறி அது. தமிழில் அதற்கு ‘நனிசைவம்’ என்று பெயர். சைவம் ஒரு சமயத்தின் பெயர். அது உணவுக்குப் பெயரானபோது சாதியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்று வாசலில் தொங்கும் அட்டை ஓர் ஆட்டையும் காப்பாற்றியதில்லை. மீன் சமைக்கும் குடும்பத்துக்கு வீடில்லை என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

அதற்காகக் கொல்லாமையையே தீட்டின் மறுபெயர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பாலையும் விலக்குகிறவர் நெய்யை மங்கலமென்றும் மாட்டுக்கறியை இழிவென்றும் பிரிக்க முடியாது. பால் வற்றிய மாடும் காளைக்கன்றும் சந்தைக்குத்தான் போகின்றன. அந்தப் பணம் அடுத்த கறவைக்கு உதவுகிறது. பால் குடிப்பவருக்கு வராத இழிவு தோலுரிப்பவருக்கு மட்டும் வருகிறது. 2017 மே 23இல், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்து மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அவற்றின் சுமையும் கறிக்கடைக்காரர், தோல் தொழிலாளி, சிறு விவசாயி தலையில் இறங்கியது. மே 30இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது.

கொல்லாமையைப் பசியோடு சேர்த்துப் பார்த்தவரும் உண்டு. சென்னை ஏழுகிணற்றில் குடியிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து வழிபட்ட இராமலிங்க அடிகள், அதாவது வள்ளலார். புலால் உண்போரைப் ‘புறவினத்தார்’ என்று விலக்கியவர் அவர். ஆயினும் அவர்களுக்கும் பசி தீர்க்க வேண்டும் என்றார். 1867இல் வடலூர் தருமசாலையில் சாதி கேளாமல் சோறிட்டார். ‘புறவினத்தார்’ என்ற பாகுபாடு ஏற்கத்தக்கதல்ல. பசியை முதலில் வைத்த வரிசை ஏற்கத்தக்கது. இன்றைய விலங்குரிமைப் பேச்சில் பெரும்பாலும் தவறிப்போவது அந்த வரிசைதான்.

கடற்கரையிலும் அப்படித்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நீருக்குமேல் வந்து மூச்சுவிட வேண்டிய உயிர் அது. இழுவைமடிக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். பழி மீனவர் என்ற பொதுப்பெயர் மேல் விழுகிறது. இழுவைமடி விசைப்படகின் வலை. ஃபைபர் படகில் போகிறவர் அதை இழுப்பதில்லை. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது என்ற விதி ஆமையையும் காக்கும், சிறுமீனவர் பாட்டையும் காக்கும். அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்வதில் விலங்குரிமை பேசுவோரும் சிறுமீனவரும் சேர்ந்து நிற்கலாம்.

கழிமுகத்திலும் இரண்டும் பிரிவதில்லை. எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அந்தச் சேற்றில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்களே படகில் போய் அதை அள்ளினார்கள். வலையெல்லாம் கறுத்தது, எண்ணூர் மீனை வாங்க ஆளில்லை. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் அப்பிக் கிடந்தன. கழிமுகத்தைச் சுத்தம் செய்து கொடு என்று குப்பத்து மக்கள் கேட்டது இறாலுக்கும் அந்தப் பறவைகளுக்கும் சேர்த்துத்தான்.